ஆறு புள்ளி

வூப்பர்டாலில் மழை பெய்வதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.
அன்றும் பெய்தது.
ஒரு பழைய இத்தாலியப் பேய்வீட்டுப் படம்,
வாய் அவர்களுடையது, குரல் ஜெர்மன்.
நாற்பது இருக்கை, பத்தொன்பது பேர்.
அதில் ஒரே வரிசையில் ஐந்து பேர் நாங்கள்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக் காலைப் பிரிவு.

வரவேற்பறைச் சுவர் தோல்போல் உரிந்தது.
விருந்து மேசையில் முள்ளுக்கரண்டிகள் தாமாகத் திரும்பி
விருந்தாளிகளைப் பார்த்தன.
பிறகு பார்ப்பதோடு நிற்கவில்லை.
வீட்டை எழுதி முடிக்க வந்த நொத்தாரிசின் கை
சாப்பாடு ஏற்றும் சின்னத் தூக்கியில் அகப்பட்டு,
கை மட்டும் மேல்மாடிக்குப் போனது
மோதிரத்தோடு.
முன்வரிசைப் பெடியன் ஒருவன் எழும்பிப் போனான்.
சோளப்பொரியை விட்டுவிட்டு.

"கசாப்புக்கடை" என்றாள் உல்ரிக்க, வெளியே வந்து குடையை உதறியபடி.
"கதை எங்கே?"
"கதை வேண்டுமென்றால் பேப்பர் படி" என்றான் டெட்லெஃப்.
"அந்தச் சிவப்பைப் பார்த்தாயா? அந்தச் சிவப்பை?"
இருபத்தாறு வருடமாக வெள்ளையை மட்டும் மடித்தவன்.

கஜீபன் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தப் பார்த்தான்.
"ஆறு புள்ளி குடுக்கலாம்" என்றான்,
பத்துக்கு ஆறு, தாராளமாக.
இந்த நாட்டில் ஒன்று என்றால் கெட்டிக்காரன்,
ஆறு என்றால் அதே வகுப்பில் இன்னொரு வருடம்.
உல்ரிக்க அவன் முதுகில் தட்டினாள்.
டெட்லெஃப் மூன்று தரிப்பிடம் வரை அவனோடு கதைக்கவில்லை.
"அக்கா, நான் என்ன பிழையாச் சொன்னனான்?"
நான் விளங்கப்படுத்தவில்லை.
சண்டை நன்றாக இருந்தது.

தலையில் சக்கரம் வைத்த ரயில்
ஆற்றுக்கு மேலே எங்களைத் தொங்கவிட்டுப் போனது.
யன்னலில் எங்கள் ஐந்து முகம், அதற்குள் மழை.

தோனாத்தா அதுவரை வாயே திறக்கவில்லை.
"அந்தத் தரை" என்றாள்.
எந்தத் தரை?
"கறுப்பும் காவியும், நடுவில் எட்டிதழ்ப் பூ.
நான் பிறந்த வீட்டுச் சமையலறையில் அதே ஓடு.
வடிவாகப் பார்க்கலாம் என்றிருந்தேன்,
ஊற்றி ஊற்றி மூடிவிட்டார்கள்."
அவளுக்கு ரத்தத்தின் மேல் உண்மையான கோபம்.

எனக்குப் பயம் வந்தது வேறோர் இடத்தில்.
கதாநாயகி வாயை மூடிய பிறகும்
அவள் குரல் அரைச் சொல் தொடர்ந்து ஓடியது.
குடியுரிமை அலுவலகக் கண்ணாடிக்கு முன்னால்
எனக்கும் அப்படித்தான்.
இதை நான் சொல்லவில்லை,
சொல்லியிருந்தாலும் ஜெர்மனில்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஏன் அந்த வீட்டை விட்டு ஒருத்தரும் ஓடேல்லை?"
கஜீபனின் கேள்வி நியாயமானது.
"பதினொரு அறை, வாடகை இல்லை" என்றாள் உல்ரிக்க,
"நானும் ஓடியிருக்க மாட்டேன்."
டெட்லெஃப் சிரித்துவிட்டான், சிரிக்கக்கூடாது என்றிருந்தவன்.

ஆனால் ஓரிடத்தில் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றுதான்.
விடியற்காலை, எல்லாரும் செத்த பிறகு,
அவள் அந்தப் படுக்கைவிரிப்பைத் தூக்கி
ஆவி பறக்கும் தண்ணீரில் போட்டாள்.
ஐந்து தொண்டையும் ஒரே நேரத்தில் "ஐயையோ" என்றன
இரண்டரை மொழியில்.
சூட்டில் ரத்தம் அவிந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும்,
பிறகு எந்தச் சாமிக்கும் போகாது.
பச்சைத் தண்ணி, மகளே, பச்சைத் தண்ணி!
மற்றப் பதினான்கு தலையும் திரும்பி எங்களைப் பார்த்தன.
அன்றிரவு அவர்கள் பயந்தது எங்களைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

நாளையும் ஓடுகிறதாம்.
தோனாத்தா தரை பார்க்கப் போகிறாள்,
ரத்தம் வரமுன் எழும்பி வந்துவிடுவாளாம்.

என் வீட்டுப் படிவிளக்குக்கு
வீட்டுக்காரன் வைத்த நேரம் இரண்டாம் மாடி வரைதான்.
மூன்றாவதில் அது அணைந்தது, வழமைபோல.
ஒரு கையில் ஈரக் குடை.
மற்றக் கை இருட்டில் சாவித்துளையைத் தேடியபோது
அந்த நொத்தாரிசு மேல்
கொஞ்சம் இரக்கம் வந்தது.